சர்க்கரை பார்க்க வீட்டுக்கு வருகிறவர்கள் இதையும் கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் சர்க்கரை நோயைப் பற்றி முழுப்பக்கம் வந்திருந்தது. கண் எப்படிக் கெடும், பாதம் ஏன் மரத்துப்போகும், சிறுநீரகத்தில் என்ன ஆகும் என்று படத்தோடு எழுதியிருந்தீர்கள். டீ டைமில் எங்கள் லைனில் நாலைந்து பேர் சேர்ந்து படித்தோம். நல்ல கட்டுரை. ஆனால் எனக்குச் சர்க்கரை இருப்பதைக் காட்டிக்கொடுத்தது கண்ணும் இல்லை, காலும் இல்லை. பெண்ணுறுப்பில் இரண்டு வருஷம் விடாமல் இருந்த அரிப்பு. அதைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 47. பிறந்தது காங்கேயம் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து திருப்பூரில் பனியன் கம்பெனிகளில், துணியின் ஓரத்தைத் தைக்கிற ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறேன். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால், ஒன்றரை ஷிப்ட் உள்ள நாளில் எழுந்திருக்க ராத்திரி எட்டரை ஆகிவிடும்.

2021 கோடையில் தொண்டைவலிக்கு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். தொண்டை சரியானது. அடுத்த வாரமே கீழே நமைச்சல் ஆரம்பித்தது. முதலில் வியர்வை என்று நினைத்தேன். அப்புறம் வெள்ளைப்பட்டது, உறை மோர் விட்ட பால் திரிந்தது மாதிரி திட்டுத் திட்டாக. வாடை எதுவும் இல்லை. ஒன்றுக்குப் போனால் எரியும். ராத்திரி தூக்கத்திலேயே சொறிந்து, காலையில் எழுந்தால் நகத்தில் ரத்தம் இருக்கும். மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது அரிப்பு வந்தால் என்ன செய்ய முடியும்? முன்னால் சூப்பர்வைசர், பக்கத்தில் உதவிக்கு, கைமடிக்கு நிற்கிற பையன். பல்லைக் கடித்துக்கொண்டு பீஸை ஓட்டிவிட்டு, பாத்ரூமுக்கு ஓடுவேன். அதையும் எத்தனை தடவை போக முடியும்? அடிக்கடி எழுந்தால் பேச்சு வரும் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். "வெட்டை சூடு கண்ணு. மெஷின்லயே உக்காந்திருக்கீல்ல, அந்தச் சூடுதான். வெந்தயம் ஊறப்போட்டுத் தின்னு, எண்ணெய் வெச்சுத் தண்ணி வாத்துக்கோ, நல்லாயிரும்" என்றார். அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். அவருக்கு அவருடைய அம்மா சொன்னது அது. வெந்தயமும் மோரும் இளநீரும் வயிற்றுக்கு இதமாகத்தான் இருந்தன. நமைச்சல் மட்டும் அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா படிகாரத் தண்ணீரில் கழுவச் சொன்னார். நானாக ஒரு நாள் தரை துடைக்கிற கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து கழுவினேன். அன்றைக்குப் பட்ட எரிச்சலை எழுத்தில் சொல்ல முடியாது. சுத்தமில்லாததால்தான் வருகிறது என்ற எண்ணம் எனக்குள் அவ்வளவு ஆழமாக இருந்தது.

இனி அந்த ட்யூப்.

கம்பெனியிலிருந்து வரும் வழியில் இருக்கிற மருந்துக்கடையில் கூட்டம் குறையும்வரை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். கடையில் இருந்த பையனுக்கு என் மகன் வயது இருக்கும். "என்ன வேணுங்க?" என்றான். "தொடையில படர்தாமரைங்க தம்பி, ஒரு ட்யூப் குடுங்க" என்று பொய் சொன்னேன். சீட்டு கேட்கவில்லை, எத்தனை நாளாக என்று கேட்கவில்லை, ஒரு ட்யூபை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். தடவிய இரண்டாம் நாளே நமைச்சல் அடங்கியது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். பத்து நாளில் திரும்ப வந்தது. அதே ட்யூப். திரும்ப அடங்கியது, திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிகமாக. காலி ட்யூப்களைக் குப்பையில் போட்டால் மகள் பார்த்துவிடுவாள் என்று பீரோவுக்கு அடியில் ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். ஒன்றரை வருஷத்தில் பதினொன்று சேர்ந்தன.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆனாலும் ஒருநாள், "இது உனக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்வியின் தொனி எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு மூன்று மாதம் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அரிப்பைவிட எனக்கு வலித்தது அதுதான்.

கடைசியில் என்னை வெளியே இழுத்தது என் நங்கையா, அண்ணன் மனைவி. ஊரில் நோம்பிக்குப் போயிருந்தபோது, ராத்திரி நாலு தடவை நான் எழுந்து போவதையும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பதையும் பார்த்திருக்கிறார். "கம்பெனியிலதான் குடிக்கறதில்ல, இங்கயாவது குடிக்கறேன்" என்றேன். "அதில்லீங்க அம்மிணி, உங்களுக்கு வேற ஏதோ இருக்குது" என்று சொல்லி, தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் காலையில் அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசையில் என்னோடு நின்றார்.

அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் கேட்டது, "என்ன தடவுனீங்க?" என்று. நங்கையா சொல்லியிருந்ததால் டப்பாவைக் கையோடு கொண்டு போயிருந்தேன். மேசைமேல் கொட்டினேன். அவர் திட்டவில்லை. ஒரு ட்யூபை எடுத்து, பின்னால் பொடி எழுத்தில் இருந்ததை எனக்காகச் சத்தமாகப் படித்தார். குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு, ஓர் ஆன்டிபயாடிக், அப்புறம் பூஞ்சைக்கு ஒரு மருந்து. மூன்றும் ஒரே களிம்பில். "ஸ்டீராய்டு நமைச்சலை அமுக்கிருதுங்க. உங்களுக்கு நல்லாயிட்ட மாதிரி இருக்கும். உள்ள பூஞ்சை அது பாட்டுக்கு வளந்துட்டே இருக்கும், தோலும் மெலிஞ்சு போகும்" என்றார். அந்த இடத்தில் எப்போதும் இருக்கிற நல்ல பாக்டீரியாக்கள்தான் பூஞ்சையைத் தலையெடுக்கவிடாமல் வைத்திருக்குமாம். தொண்டைக்குச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக்கில் அவை குறைந்ததும் பூஞ்சைக்கு வழி கிடைத்திருக்கிறது.

பிறகு பரிசோதனை. இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதற்குப் பயந்துதான் நான் இரண்டு வருஷம் போகவில்லை. திரை மறைத்த அறை. நர்ஸ் ஒருவர் பக்கத்தில் நின்றார். படுக்கவைத்து, ஒரு கருவியால் மெதுவாக விரித்துப் பார்த்து, பஞ்சுக்குச்சியில் வெள்ளையைக் கொஞ்சம் எடுத்தார்கள். ஏற்கனவே புண்ணாகியிருந்ததால் எரிந்தது, அவ்வளவுதான். அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது. எடுத்ததைக் கண்ணாடித் துண்டில் தடவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பூஞ்சை நூல் நூலாகத் தெரிந்ததாம். எந்த வகை என்று தெரிந்துகொள்ள, வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். அன்றைக்கே சர்க்கரையும் பார்த்தார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 312. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c பரிசோதனையில் 10.1 சதவீதம். எனக்குச் சர்க்கரை இருப்பது அந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது. சர்க்கரை அதிகமானால் அது சிறுநீரில் இறங்கும், அந்த இடத்தில் பூஞ்சைக்கு அதுவே தீனி, உடம்பின் எதிர்ப்பும் குறைந்திருக்கும் என்று சொன்னார். திரும்பத் திரும்ப இந்தத் தொற்று வருகிற பெண்ணுக்குச் சர்க்கரை பார்க்காமல் விடவே கூடாது என்றும் சொன்னார்.

என் வீட்டுக்காரர் வெளியே நின்றிருந்தார். டாக்டரம்மா அவரையும் உள்ளே கூப்பிட்டார். "இது நடத்தையில வர்ற நோய் இல்லைங்க. நாலு பொம்பளைங்கள்ல மூணு பேருக்கு வாழ்நாள்ல ஒரு தடவையாவது வர்றது. உங்களுக்கு அரிப்போ செவப்போ இருந்தா மட்டும் சொல்லுங்க, இல்லீன்னா உங்களுக்கு மருந்து வேண்டியதில்லை" என்று நேருக்கு நேராகச் சொன்னார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் பேக்கரியில் நிறுத்தி, எனக்குச் சர்க்கரை போடாத டீ சொன்னார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. அந்த டீயில் எனக்குப் புரிந்தது.

கேண்டிடா என்பது அந்தப் பூஞ்சையின் பெயர். எப்போதாவது ஒரு தடவை வருகிறவர்களுக்கு ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ, உள்ளே வைக்கிற குளோட்ரிமசோல் மாத்திரை சில நாட்களோ போதும். ஒரு வருஷத்துக்குள் மூன்று தடவைக்குமேல் வந்தால் கதை வேறு. எனக்கு முதல் நாள் ஒன்று, நாலாம் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று கொடுத்தார்கள். அதற்கப்புறம் வாரம் ஒன்று, ஆறு மாதம். இரண்டாவது வாரத்திலேயே அரிப்பு போய்விட்டது. பாதியில் நிறுத்தத்தான் மனம் சொன்னது. "நமைச்சல் போனதும் நிறுத்தாதீங்க, நிறுத்துனா திரும்ப வரும்" என்று சொல்லி அனுப்பியதால் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலண்டரில் வட்டம் போட்டுச் சாப்பிட்டு முடித்தேன். கூடவே சர்க்கரைக்கு மெட்ஃபார்மின்.

இதைப் படித்துவிட்டு யாரும் நேராகக் கடைக்குப் போய் ஃப்ளூகோனசோல் வாங்கிச் சாப்பிட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு அது கூடாது, உள்ளே வைக்கும் மருந்துதான் கொடுப்பார்கள். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர்கள் ஃப்ளூகோனசோலும் சேர்த்து எடுத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் ஆபத்து உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, அரிப்பு என்றாலே பூஞ்சை என்று கிடையாது. மீன் கவிச்சி மாதிரி வாடையோடு தண்ணியாக வெள்ளைப்பட்டால் அது பெரும்பாலும் பாக்டீரியா தொந்தரவு. நுரையாக, பச்சை மஞ்சளாக வந்தால் வேறு கிருமி, அதற்குக் கணவனுக்கும் சேர்த்துத்தான் மருந்து. எங்கள் பெரியம்மாவுக்கு 68 வயது. மாதவிலக்கு நின்று பல வருஷம் ஆகிவிட்டது. அவருக்கும் அரிப்புதான். என்னைப் பார்த்துத் தைரியம் வந்து காட்டப் போனார். அவருக்குப் பூஞ்சையே இல்லை. தோல் வெளுத்து மெல்லிசாகிப் போகிற லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற நோய். அதற்கு அவருக்கு எழுதிக் கொடுத்தது எது தெரியுமா? எனக்குக் கெடுதல் செய்த அதே குளோபெட்டசால், தனி மருந்தாக, இத்தனை நாள் இவ்வளவு தடவ வேண்டும் என்ற கணக்கோடு. அவருக்கு அது நல்லது செய்தது. பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

எங்கள் கம்பெனி செக்கிங் டேபிளில் இருக்கிற ஒரு தங்கச்சிக்கு ஃப்ளூகோனசோல் மூன்று தடவை கொடுத்தும் கேட்கவில்லை. வளர்த்துப் பார்த்ததில் கேண்டிடா கிளாப்ரேட்டா என்ற வேறு வகை என்று தெரிந்தது. அதற்கு அந்த மாத்திரை சரியாக வேலை செய்யாதாம். 600 மில்லிகிராம் போரிக் ஆசிட் காப்ஸ்யூலை மூன்று வாரம் தினமும் உள்ளே வைக்கச் சொன்னார்கள். இதைக் கேட்டு இன்னொருத்தி, "கேரம்போர்டுக்குப் போடற பவுடர்தானுங்கக்கா?" என்றாள். பதறிப்போய்விட்டேன். அது வாய்க்குள் போனால் விஷம். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. அளந்து காப்ஸ்யூலாக்கி மருத்துவர் கொடுப்பது வேறு, கடையில் வாங்கும் கேரம்போர்டு பவுடர் வேறு.

இன்னும் ஒன்று. 2024இல் வேறு ஒரு இடத்தில் சர்க்கரைக்குப் பார்த்தபோது மாத்திரையை மாற்றினார்கள். புது மாத்திரையில் அளவு நன்றாகக் குறைந்தது. ஐந்தாவது வாரம் அதே பழைய அரிப்பு. எனக்கு உலகமே இருண்டுபோனது. பழைய டாக்டரம்மாவிடம் ஓடினேன். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். டாபாகிளிஃப்ளோசின். உடம்பில் இருக்கிற சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதுதான் அதன் வேலை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்து, ஆனால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று அதற்குத் தெரிந்த பக்கவிளைவு. எம்பாகிளிஃப்ளோசினும் அதே குடும்பம். டாபாகிளிஃப்ளோசின் காப்புரிமை 2020இலும், எம்பாகிளிஃப்ளோசின் காப்புரிமை 2025 மார்ச்சிலும் முடிந்து விலை இறங்கிவிட்டதால் இப்போது எங்கள் மாதிரி ஆட்களுக்கும் நிறைய எழுதுகிறார்கள். எழுதட்டும், நல்லதுதான். கொடுக்கும்போது, "கீழே அரிப்பு வந்தால் சொல்லுங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். சிலருக்குத் தொற்றை மட்டும் சரிசெய்துவிட்டு அதே மாத்திரையைத் தொடர்வார்களாம். அதை முடிவு செய்ய வேண்டியது மருத்துவர். யாரும் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது என் தொழில். நாங்கள் வெளிநாட்டு ஆர்டருக்குப் பெண்கள் ஜட்டி தைக்கும்போது, அடியில் வைக்கிற உள்துணி மட்டும் முழுப் பருத்தியாக இருக்க வேண்டும் என்று ஆர்டர் சீட்டிலேயே இருக்கும். மேலே என்ன துணி வேண்டுமானாலும் இருக்கட்டும், அந்தத் துண்டு பருத்தி. ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. அத்தனை வருஷம் அதைத் தைத்துக்கொண்டே, நான் போட்டது சந்தையில் வாங்கிய நைலான், அதற்குமேல் இறுக்கமான லெக்கின்ஸ். துவைத்ததையும் பாத்ரூம் மூலையில் துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டு, ஈரம் போகாமலே மறுநாள் உடுத்துவேன். இப்போது பருத்திதான். மொட்டைமாடியில் எல்லாத் துணியோடும் சேர்த்து வெயிலில்தான் காய்கிறது. வெறும் தண்ணீரில் வெளியே மட்டும் கழுவுகிறேன். கம்பெனியில் தண்ணீர் குடிக்கிறேன், எழுந்து போகிறேன். பேச்சு வந்தால் வரட்டும்.

இப்போது நான் கேட்க வந்தது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தத் திட்டத்தில் எங்கள் வீதிக்கும் ஒரு பெண் வருகிறார். சர்க்கரை பார்க்கிறார், பிரஷர் பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். வீட்டுக்குள் வந்து, நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற ஒரு பெண். இதைவிட நல்ல வாய்ப்பு எங்களுக்கு வேறு எங்கே கிடைக்கும்? அவர் கையில் இருக்கிற கேள்விகளோடு இன்னும் ஒன்றைச் சேர்க்கச் சொல்லி உங்கள் நாளிதழ் எழுத வேண்டும். "கீழே அரிப்போ வெள்ளைப்படுதலோ இருக்குதுங்களா?" அவ்வளவுதான். இருக்கிறது என்று சொன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பட்டும். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அங்கே ஏற்கனவே செய்கிறார்கள். அதே கட்டில், அதே திரை, அதே நர்ஸ். புதிதாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. நானாகச் சொல்லியிருக்கமாட்டேன் ஐயா, இரண்டு வருஷம் சொல்லவில்லையே. யாராவது கேட்டிருந்தால் முதல் மாதமே சொல்லியிருப்பேன்.

மருந்துக்கடைகளைப் பற்றியும் எழுதுங்கள். ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு 2018லேயே சேர்த்துவிட்டது. அப்புறமும் எனக்குப் பதினொரு தடவை கிடைத்தது. நான் பொய் சொன்னது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். சீட்டு எங்கே என்று ஒரு தடவை கேட்டிருந்தாலும் நான் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்திருக்கும்.

என் பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதி இதோடு இணைத்திருக்கிறேன். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அதனால் அச்சில் போட வேண்டாம். ஆனால் "பெண்ணுறுப்பு" என்று நான் எழுதியிருப்பதை "மறைவிடம்" என்று மாற்றாமல் அப்படியே போடுங்கள். மகளிடம் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். அவள்தான் எழுத்துப்பிழை திருத்தினாள். டப்பாவும் பதினொரு ட்யூபும் இன்னும் வீட்டில் இருக்கின்றன. உங்கள் நிருபர் யாராவது, பெண்ணாக இருந்தால் நல்லது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் எடுத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓவர்லாக் டெய்லர் ஒருவர்,
திருப்பூர்.